பாரிஸ் பெட்டிக்கு இருபத்தைந்து ரூபாய்

அந்தோணி பிரபு தன் சகலை சவுரிராயனுக்குத் தரவேண்டியது முப்பத்தோராயிரத்து நானூற்று எழுபது ரூபாய். அதில் இருபத்தெட்டாயிரம், சவுரிராயனின் மனைவி செபஸ்தியம்மாளின் கம்மலையும் மாட்டலையும் வங்கியில் அடகு வைத்து வாங்கிக் கொடுத்தது. மூவாயிரத்து இருநூற்று இருபது, அந்தக் கடனுக்குச் சவுரிராயன் தன் கைக்காசில் கட்டிய வட்டி. மீதி இருநூற்று ஐம்பது, பத்துப் பெட்டிக்குத் தூக்குக்கூலி. பெட்டிக்கு இருபத்தைந்து.

இருபத்தெட்டாயிரத்தை நினைத்தால் சவுரிராயனுக்குப் பயம் வரும். அந்த இருநூற்று ஐம்பதை நினைத்தால் கோபம் வரும்.

காரணம் இருக்கிறது. திண்டிவனம் பார்சல் ஆபீஸ் லோடுமேன்களிடம் ஒரு முறை உண்டு. தோளில் ஏறிய பெட்டி, கூலி கைக்கு வரும்வரை தரையைத் தொடாது. கடைக்காரர் கல்லாவைத் திறக்கட்டும், போன் பேசி முடிக்கட்டும், சில்லறை தேடட்டும், அதுவரை சுமையோடு கடை நடுவில் நிற்பார்கள். நிற்கிறவனுக்குத் தோள்தான் வலிக்கும். வாடிக்கைக்காரர்கள் பார்க்கப் பார்க்கக் கடைக்காரருக்கு மானமே வலிக்கும். அதனால் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடுவான். முப்பது வருடமாக இந்த முறையை மீறாத சவுரிராயன், சொந்தக்காரன் ஆயிற்றே என்று அந்தோணி பிரபுவின் கடையில் மட்டும் பத்துப் பெட்டியைச் சும்மா இறக்கி வைத்தான். புத்தி கெட்டுப்போய்ச் செய்த காரியம் அது.

அந்தோணி பிரபு செபஸ்தியம்மாளின் தங்கை மெர்லினைக் கட்டியவன். இரண்டு வருடம் துபாயில் ஒரு பெரிய கடைவளாகத்தில் தரை துடைத்துவிட்டுத் திரும்பினான். தரை துடைத்ததில் கேவலம் ஒன்றுமில்லை. சவுரிராயனும் யூரியா மூட்டை தூக்குகிறவன்தான். தரை துடைத்ததை மறைத்துவிட்டு, அங்கே நாள் தவறாமல் செண்டு வாங்கிக்கொண்டிருந்ததாக ஊரில் சொன்னானே, அதுதான் கேவலம்.

வந்தவன் மேம்பாலத்துக்குக் கீழே பத்துக்கு எட்டில் ஒரு கடை பிடித்தான். ‘வேர்ல்டு பெர்ஃப்யூம்ஸ்’ என்று பலகை மாட்டினான். முதல் போட்டால் மூன்று மாதத்தில் திருப்பிவிடலாம் என்று சொல்லித்தான் செபஸ்தியம்மாளின் காதைக் காலி செய்தான். கடைச் சுவரில் பள்ளிக்கூடத்தில் மாட்டுவது போல ஓர் உலக வரைபடம். அவன் செண்டு வாங்கியதாகச் சொன்ன ஊர்களில் எல்லாம் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தான். மெர்லினின் ஸ்டிக்கர் பொட்டு. ஒரே ஓர் அட்டையில் உலகம் முழுவதையும் சுற்றி முடித்துவிட்டான்.

மூன்று மாதம் ஒரு வருடமானது. பணம் கேட்கப் போனால் பணம் வராது, ஓர் ஊர் வரும். முதல் தடவை போனபோது துபாய் வந்தது. தங்க மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அத்தர் விற்கிற தெரு ஒன்று இருக்கிறதாம். கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் ஒரு தொடு தொடுவார்களாம். நம் உடம்புச் சூட்டுக்கு ஏற்றபடி அங்கேயே கலந்து கொடுப்பார்களாம். உலகத்திலேயே தனக்குப் பிடித்த கடைத்தெரு அதுதான் என்றான். சவுரிராயன் முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான்.

இரண்டாம் தடவை பாரிஸ். அங்கே கடையில் நுழைந்ததும் எதையும் வாங்கிவிடக் கூடாதாம். காகிதத் துண்டில் தெளித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அப்புறமும் வாசனை பிடித்திருந்தால்தான் திரும்பிப் போய் வாங்க வேண்டுமாம். வேலைவெட்டி இல்லாதவன் கண்டுபிடித்த வழக்கம் என்று சவுரிராயன் நினைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் இறக்கியது இருநூறு மூட்டை வெங்காயம். அந்த வாசனையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். அதற்கு எவனும் திரும்பி வந்து காசு கொடுப்பதில்லை.

மூன்றாம் தடவை, பிரான்சு மலைப்பக்கம் கிராஸ் என்று ஓர் ஊர். ஊர் முழுக்கச் செண்டுத் தொழிலாம், மல்லிகைத் தோட்டமாம். நான்காம் தடவை, வடக்கே கன்னோஜ். அங்கே சுட்ட மண்ணைக் கொதிக்க வைத்து, முதல் மழை பெய்த வாசனையைக் குப்பியில் அடைத்து விற்கிறார்களாம். இதைக் கேட்டுவிட்டு வந்து செபஸ்தியம்மாளிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கம்மல் போட்ட துளை தூர்ந்துவிடாமல் இரண்டு காதிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

“ஊரு ஊரா மோந்துக்கினு வர்றியே, இந்தக் குச்சி இன்னா வாசனைனு மோந்து சொல்லு பாப்பம்” என்றாள்.

மாதா கோயில் திருவிழாவுக்குக்கூட அவள் அந்த வருடம் தேர் பார்க்க வரவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாத தலைவலி அது, குச்சி செருகிய காதோடு கூட்டத்தில் நிற்க முடியாத தலைவலி.

இப்படி இருக்கும்போது வங்கியிலிருந்து காகிதம் வந்தது. இருபத்தெட்டாம் தேதிக்குள் அசலும் மீதி வட்டியும் கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்று எழுதியிருந்தது. சவுரிராயனே அதைப் படித்தான். அவனுக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறாம் வயதில். நகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் நடந்த முதியோர் வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினான். அதற்கப்புறம் அவனுக்குப் புத்தகம் பெட்டிகள்தான். ‘உடையும் பொருள்’, ‘தலைகீழாக வைக்காதே’, அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், எல்லாவற்றையும் தூக்குவதற்கு முன் ஒரு தடவை படிப்பான். தமிழ் தெரியும், கூட்டிக் கூட்டி இங்கிலீஷில் ஊர்ப்பெயரும் தெரியும்.

இந்தச் சங்கதி செபஸ்தியம்மாளுக்கு மட்டும் தெரியும். ஆபீஸ் கூலிப்பதிவேட்டில் அவன் இன்னும் கைநாட்டுத்தான். எழுத்து வந்த புதிதில் ஒருநாள் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டான். எழுத்தர் பெரியசாமி, நீ கலெக்டராகிவிட்டால் எங்களையும் ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்லி, வரிசையில் நின்ற எல்லோரையும் சிரிக்க வைத்தான். சவுரிராயன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தினான். அன்றிலிருந்து அதே விரல்தான். ஊரும் உறவும் அவனைக் கைநாட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தது.

அந்தோணி பிரபுவும் அப்படித்தான் நம்பினான். அவன் கெட்டது அதனால்தான்.

இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் சவுரிராயன் வங்கிக் காகிதத்தோடு கடைக்குப் போனான். ஒரு கல்லூரிப் பையனுக்கு அந்தோணி பிரபு வியாபாரம் செய்துகொண்டிருந்தான். ஆன்லைனில் வாங்குவதில் உள்ள ஆபத்துகளைப் பட்டியல் போட்டான். முதலில் சின்னக் குப்பி வாங்கிப் பார்க்க வேண்டும், வாங்கியவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும், விலை ரொம்ப மலிவாக இருந்தால் அது டூப்ளிகேட், உஷாராக இருக்க வேண்டும் என்றான். பிறகு, தான் நேரடியாகப் பாரிஸிலிருந்து இறக்கியது என்று ஒரு பாட்டிலை ஆயிரத்து நானூற்று ஐம்பதுக்குக் கொடுத்தான். கேட்டுக்கொண்டிருந்த சவுரிராயனுக்கு, திருடனே பூட்டு விற்கிற கடையில் நிற்பது போல இருந்தது.

பையன் போனதும் சவுரிராயன் காகிதத்தை நீட்டினான். இன்னும் நாலு நாள்தான் என்றான். அந்தோணி பிரபு அதைப் பார்த்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். கையில் பத்துப் பைசா இல்லை, டீக்குக்கூட மெர்லினிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்றான். சொல்லிவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாள் எடுத்து மளமளவென்று எழுதினான்.

“இருபத்தெட்டுக்குள்ள முழுப் பணமும் தந்துடறேன்னு எழுதிட்டேன் சகல. இதுல ஒரு கைநாட்டு வை.”

“தர்றேன்னு எழுதறவன்தானே கை வைக்கணும்? வாங்கறவன் எதுக்கு?”

“அதெல்லாம் இங்கத்திப் பழக்கம். பாரிஸ்ல ரெண்டு பேரும்தான் வைக்கணும்.”

சவுரிராயன் தாளை வாங்கிப் பார்த்தான். கைநாட்டுக்காரன் பார்ப்பது போலவே பார்த்தான், எங்கே விரல் வைக்க இடம் விட்டிருக்கிறது என்று தேடுகிறவன் போல. உள்ளே உதடு அசையாமல் எழுத்துக் கூட்டினான். ‘எனக்குச் சேரவேண்டிய முப்பத்தோராயிரத்து நானூற்று எழுபது ரூபாயை என் சகலை திரு. அந்தோணி பிரபு அவர்களிடமிருந்து முழுவதும் பெற்றுக்கொண்டேன். இனி எந்தப் பாக்கியும் இல்லை. இப்படிக்கு, சவுரிராயன்.’

மூன்று வரி. அதைப் படித்து முடிக்க அவனுக்கு ஒரு பஸ் பாலத்தின்மேல் ஏறி இறங்குகிற நேரம் பிடித்தது. படித்து முடித்ததும் காது இரண்டும் சூடானது. அந்தத் தாளைச் சுருட்டிச் சகலையின் வாயில் திணித்துவிட்டுப் போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வேறொன்றும் தோன்றியது. உறவுக்காரன் என்று கடன் கொடுத்தபோது ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. இவ்வளவு கடன் இருந்தது என்பதற்கு உலகத்திலேயே ஒரே சாட்சி இந்தத் தாள்தான். அதையும் அவனே அவன் கையால் எழுதியிருக்கிறான், பைசா குறையாமல், பெட்டிக் கூலி உட்பட.

“கையெல்லாம் யூரியாவா கீது. கழுவிட்டு வச்சு எடுத்துக்கினு வர்றேன்” என்று மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“ஜல்தியா கொண்டாந்துடு” என்று சொல்லி, போகிறவன் முதுகில் அந்தோணி பிரபு ஒரு பாட்டிலை எடுத்துப் புஸ்ஸென்று அடித்தான். இது இஸ்தான்புல், வாசனைச் சாமான் விற்கிற பழைய கடைத்தெருவில் எடுத்தது, காசு வேண்டாம் என்றான். வீடு போகிற வரைக்கும் சவுரிராயனை இஸ்தான்புல் விடவில்லை. யூரியாவோடு கலந்து, பொதுக்கழிப்பறையில் ஊதுவத்தி கொளுத்தியது போல நாறியது.

செபஸ்தியம்மாளிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. இவனிடம் நிஜமாகவே காசு இல்லையா, வைத்துக்கொண்டே இல்லை என்கிறானா? இல்லாதவனிடம் சண்டை போட்டால் சத்தம்தான் மிச்சம். இருக்கிறவனிடம் என்றால் வழி வேறு. அதைச் சொல்லக்கூடிய ஆள் யார் என்பதும் அவனுக்குத் தெரியும். பத்துப் பெட்டியை இந்தத் தோள் தூக்கியிருக்கிறது. பத்திலும் ஒரே அட்டைதான் ஒட்டியிருந்தது. பாரிஸும் இல்லை, துபாயும் இல்லை. ‘அனுப்புநர்: காந்திமதி வாசனைப் பொருட்கள், விழுப்புரம்.’

இருபத்தாறாம் தேதி அரை நாள் கூலியை விட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினான். கூட்டேரிப்பட்டில் மயிலத்துக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்று நின்று போனது. சன்னல் ஓரம் உட்கார்ந்து, அந்தோணி பிரபுவின் பாரிஸ் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற தூரத்தில் இருப்பதை நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. பஸ் டிக்கெட்டில் உலகம் சுற்றியவன் என் சகலை ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ரயிலடிக்குப் பின்னால் விசாரித்ததில் வீடு உடனே கிடைத்தது. தெருமுனையிலிருந்தே மூக்கைப் பிடித்து இழுத்தது. கூடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள், ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா, ஒரு புனல். மூன்று பெண்கள் உட்கார்ந்து பாட்டில்களுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தார்கள். காந்திமதி ஐம்பது வயதுக்காரி. நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, ஊசி மருந்து ஏற்றுகிற குழாயால் ஒவ்வொரு பாட்டிலிலும் அளந்து விட்டுக்கொண்டிருந்தாள். எங்கே வேலை என்று கேட்டாள். பெட்டி தூக்குகிறவன், திண்டிவனத்தில் உங்கள் சரக்கை இறக்குகிறவன் என்று சொன்னதும், ஏதாவது பாட்டில் உடைந்துவிட்டதா என்று பதறினாள்.

உடையவில்லை, அந்தோணி பிரபு உங்களுக்குப் பாக்கி ஏதாவது வைத்திருக்கிறாரா, தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றான் சவுரிராயன். அவள் கையை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பாக்கியா? எங்கிட்டயா? ஒரு பெட்டிக்கு தொண்ணூத்தாறு பாட்டிலு, பாட்டிலு அறுவது ரூவா. முன்கூட்டி காசு வந்தாத்தான் பெட்டி வண்டி ஏறும். முந்தாநாளு சாயங்காலம்கூட நாலு பெட்டிக்கு இருவத்து மூவாயிரத்து நாப்பது போன்ல போட்டாரு. நாளைக்கு வந்துடும், நீங்கதான் எறக்குவீங்க.”

முந்தாநாள் சாயங்காலம். டீக்குக் காசில்லை என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்ட அதே சாயங்காலம். சவுரிராயன் மனசுக்குள் கணக்குப் போட்டான். அறுபது ரூபாய்ச் சரக்கு, ஆயிரத்து நானூற்று ஐம்பது. கொள்ளையடிப்பவனுக்குக்கூட ஏணி, கயிறு என்று செலவு இருக்கும்.

பாரிஸ் என்று சொல்லித்தான் விற்கிறான், தெரியுமா என்று கேட்டான். காந்திமதி தோளைக் குலுக்கினாள். “நான் ஒட்டி அனுப்பறது எம் பேருங்க. அத உரிச்சிட்டு அவரு எந்த ஊரு பேர ஒட்டினா எனக்கின்னா? பாட்டிலப் பாத்தாலே தெரிய வேணாமா? வாங்கறவனுக்கு மூக்கு இருந்தா பத்தாது” என்றாள். அவனுக்குக் குடிக்க மோர் கொடுத்தாள். போகும்போது ஒரு பாட்டிலைக் கொடுக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஆனாலும் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தபோது, இவ்வளவு நாளில் செண்டு விற்கிற ஆட்களில் முதல் தடவையாக ஒரு யோக்கியமான ஆளைப் பார்த்ததாக அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் நான்கு பெட்டியும் வந்தன. கூடவே செபஸ்தியம்மாளின் போனும் வந்தது. மெர்லின் இப்போதுதான் பேசினாள் என்றாள். கடையைப் பெரிதாக்க நேரு வீதியில் ஓர் இடம் பேசி முடித்தாகிவிட்டதாம், மெர்லின் கட்டிய சீட்டுப் பணம் ஒரு லட்சத்தை இன்றைக்குப் பதினோரு மணிக்குக் கடையில் வைத்து அட்வான்ஸ் கொடுக்கிறார்களாம். அக்கா நகை திரும்பி வராமல் சீட்டுப் பணத்தைத் தொடக் கூடாது என்று மெர்லின் ஒரு மாதமாகப் பிடிவாதமாக இருந்தாளாம். பணம் கொடுத்தாகிவிட்டது, சகலை கைநாட்டு வைத்த தாள்கூட இன்றைக்கு வந்துவிடும் என்று அந்தோணி பிரபு அவளிடம் சொல்லியிருக்கிறானாம். ரொம்ப சந்தோஷம் அக்கா, கம்மலை எப்போது போட்டுக்கொள்ளப் போகிறாய் என்று மெர்லின் கேட்டாளாம்.

“நீ இன்னா சொன்ன?”

“நான் இன்னா சொல்லுவேன்? பேஜாரா போச்சு. வச்சிட்டேன்.”

சவுரிராயன் சும்மாட்டைத் தோளில் போட்டான். நான்கில் ஒரு பெட்டியைத் தூக்கினான். அனுப்புநர் அட்டை வெளியே தெரிகிற பக்கமாகப் பார்த்துத் தூக்கினான். மீதி மூன்றை ஆபீஸிலேயே விட்டுவிட்டு மேம்பாலத்தை நோக்கி நடந்தான்.

கடையில் மூன்று பேர் இருந்தார்கள். நாற்காலியில் நேரு வீதி இடத்துக்காரர் அரங்கநாதன், வேட்டி கசங்காமல் உட்கார்ந்திருந்தார். மெர்லின் மடியில் கைப்பையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்து, கடை விளம்பரத்துக்காக வீடியோப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தோணி பிரபு உலக வரைபடத்துக்கு முன்னால் நின்று, கையில் ஒரு குச்சியோடு, உலகத்தில் செண்டு வாங்கத் தனக்கு மிகப் பிடித்த பத்து இடங்களை விளக்கிக்கொண்டிருந்தான். மஸ்கட் முடிந்து பாரிஸுக்கு வந்திருந்தான். ஒரு மணி நேரம் நடக்கிற கதை நடந்துகொண்டிருந்தது. சவுரிராயனைப் பெட்டியோடு பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“பாருங்க, பேசிக்கினு இருக்கும்போதே ஸ்டாக்கு வந்துடுச்சு. நேரா பாரிஸ்ல இருந்து. எறக்கு சகல.”

சவுரிராயன் இறக்கவில்லை. கடை நடுவில், வரைபடத்துக்கும் போனுக்கும் இடையில் நின்றான். பெட்டியின் அட்டை போனுக்கு நேராக இருந்தது. மெர்லின் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, படம் ஓடிக்கொண்டிருப்பதை மறந்தவள் போல, திரையில் தெரிந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

“காந்திமதி வாசனைப் பொருட்கள், விழுப்புரம்.”

அரங்கநாதன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தானும் ஒரு தடவை படித்தார். அந்தோணி பிரபு, அது பார்சல் வருகிற வழி, விழுப்புரத்தில் வண்டி மாற்றுவார்கள் என்றான். கப்பலில் வந்து விழுப்புரத்தில் வண்டி மாறுமா என்று அரங்கநாதன் கேட்டார். அந்தோணி பிரபு சவுரிராயன் பக்கம் திரும்பினான். பெட்டியை இறக்கு என்று மட்டும் மறுபடியும் சொன்னான், இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு.

“கூலி குடு, எறக்கறேன்.”

“இருபத்தஞ்சு ரூவா தானே, எங்க போவுது? எறக்குயா.”

“இதுக்கு இருபத்தஞ்சு. பழசு பத்துப் பெட்டிக்கு இருநூத்தம்பது. அதோட மத்ததும்.”

மெர்லின் போனைக் கீழே இறக்கினாள். “மாமா, பணம் உங்களுக்கு வந்துடுச்சில்ல?” என்றாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது, குரலிலேயே அது இருந்தது.

சவுரிராயன் வலது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இடது கையால் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். உதறிப் பிரித்தான். இருபது கிலோ தோளில் இருக்க, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். எ-னக்-குச் சே-ர-வேண்-டிய. ‘முப்பத்தோராயிரத்து’ என்ற சொல்லில் தடுக்கி, திரும்பிப் போய், மறுபடியும் படித்தான். ‘திரு. அந்தோணி பிரபு அவர்களிடமிருந்து’ என்று வந்த இடத்தில் அந்தோணி பிரபுவின் கையிலிருந்த குச்சி வரைபடத்தில் பாரிஸைவிட்டு இறங்கிக் கடலில் நின்றது.

“உனக்கு… படிக்க வருமா?” என்றான்.

சவுரிராயன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தான். பிறகு மெர்லினிடம், பணம் ஒரு பைசா வரவில்லை, நாளைக்கு உன் அக்கா நகை ஏலத்துக்குப் போகிற கெடு, முந்தாநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் இவன் விழுப்புரத்துக்கு இருபத்து மூவாயிரத்து நாற்பது ரூபாய் அனுப்பியிருக்கிறான், வேண்டுமானால் பெட்டியில் அந்த அம்மாவின் போன் நம்பர் இருக்கிறது, கேட்டுக்கொள் என்றான். சத்தம் போடவில்லை. தோளில் சுமை இருக்கும்போது சத்தம் போட்டால் மூச்சு வாங்கும்.

அந்தோணி பிரபு என்னென்னவோ சொன்னான். வியாபாரத்தில் முதல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றான். தாளில் எழுதியது சும்மா ஒரு முன்னேற்பாடு என்றான். பெரிய பெரிய கம்பெனிகளே பாட்டிலை ஓர் ஊரிலும் வாசனையை ஓர் ஊரிலும் செய்கின்றன என்றான். நிறுத்தாமல் பேசினான். அத்தனை பொட்டு ஒட்டிய வரைபடத்தில் அவன் போய் ஒளிந்துகொள்ள ஓர் ஊர்கூடக் கிடைக்கவில்லை.

மெர்லின் கைப்பையைத் திறந்தாள். அட்வான்ஸ் கட்டைப் பிரித்தாள். ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணினாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல், அறுபத்துமூன்று தாள். அரங்கநாதன் எழுந்து, மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, இடத்தை நான் வேறு ஆளுக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போகிற போக்கில் அவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டதைச் சவுரிராயன் பார்த்தான். அந்தக் காட்சியைப் பார்க்க அவன் காசுகூடக் கொடுத்திருப்பான்.

மெர்லின் பணத்தை அவன் சட்டைப் பையில் வைத்தாள். அதற்கப்புறம்தான் அவன் முழங்காலை மடக்கி, பெட்டியைத் தரையில் இறக்கினான். பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுங்கின.

“முப்பத்தோராயிரத்து நானூத்தி எழுவது. இன்னிக்கிப் பெட்டி இருபத்தஞ்சு. அஞ்சு ரூவா நான் தரணும்” என்று சொல்லி, டவுசர் பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து மேசைக் கண்ணாடியில் வைத்தான். “மீதி மூணு பெட்டி ஆபீஸ்ல கீது. வண்டி வச்சி நீயே எடுத்துக்க. ஏழு கடல் தாண்டி வந்த சரக்கு, இந்தப் பாலத்துக்கு வராதா?”

அந்தோணி பிரபு அப்போதும் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கையால் எழுதிய அந்தப் பொய் ஊருக்குள் போனால் கடைப் பேரும் போச்சு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

“அந்தப் பேப்பர மட்டும் குடுத்துடு சகல.”

“குடுக்காம? எழுதினப்ப பொய்யா இருந்துது. இப்பத்தான் நெசமாப் போச்சே.”

சவுரிராயன் தாளை மேசைமேல் விரித்தான். கட்டைவிரல் வைக்க விட்டிருந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினான். அந்தோணி பிரபுவின் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவனே எடுத்துக்கொண்டான். மூடியைக் கழற்றி, குனிந்து, ஒவ்வோர் எழுத்தையும் கூட்டிக் கூட்டி எழுதினான். ‘ச’வுக்கு முன்னால் அப்பன் பெயரின் முதல் எழுத்தையும் போட்டான். ‘ரா’வின் கால் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. அதை அடிக்கவில்லை. கீழே தேதி போட்டான். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வங்கி மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வெளியே இறங்கி நடந்தான்.